தேதி மறந்த கணினி

தீபாவளி முடிந்த நான்காம் நாள் சிவகாசியில் பட்டாசுக் கடைத் தெரு தூங்கி வழியும். அச்சகத் தெருவில் மூச்சுவிட நேரம் இருக்காது. ஆடிப் பதினெட்டுக்கு ஆல்பம் திறந்து, ஆர்டர் பிடித்து, அட்டை அடித்து வைத்த தினசரி காலண்டர்கள் டிசம்பர் முடிவதற்குள் ஊர் ஊராகப் போய்ச் சேர வேண்டும். ஜனவரி பிறந்த பிறகு வந்து சேரும் காலண்டர் நேற்றைய இட்லி.

அப்படி ஒரு நாளில் கல்யாணப் பத்திரிகை வேலையாக ஒரு சிறிய அச்சகத்துக்குப் போயிருந்தேன். டிடிபி அறையில் மூன்று பேர் ஒரு கணினியைச் சுற்றித் துக்க வீட்டில் நிற்பதுபோல நின்றிருந்தார்கள். திரை முழுக்க நீலம். வெள்ளை எழுத்தில் ஆங்கிலம் நாலைந்து பத்தி. கீழே, வரிசையான சைபர்களுக்குப் பின்னால் ஒரு 7, அதை ஒட்டி ஒரு பி.

“தீவாளிக்கு முதநா சாயந்தரம் வரைக்கும் நல்லா ஓடுச்சு தம்பி. ராக்கெட்டு எங்கிட்டாவது வந்து விழுமேன்னு நாந்தான் மெயினை அமத்திட்டுப் போனேன். இன்னைக்கு வந்து போட்டா இப்படி நிக்குது” என்றார் அச்சகத்து அண்ணாச்சி.

சிஸ்டம் பார்க்க வந்திருந்த இளைஞர் கையில் விண்டோஸ் எக்ஸ்பி சிடி. “ஓஎஸ் அடி வாங்கிருச்சு அண்ணாச்சி, ஃபார்மட் போட்டு ஏத்திருவோம்” என்றுதான் அவர் வேலையைத் தொடங்கியிருக்கிறார். ஆனால் சிடியைப் போட்டு ஏற்றினாலும் கொஞ்ச தூரம் ஓடிவிட்டு அதே நீலத் திரை, அதே 7பி. இருந்த விண்டோஸும் எழுந்திருக்கவில்லை, புதிதாக ஏற்ற வந்த விண்டோஸும் உள்ளே நுழைய முடியவில்லை.

அந்த 7பி என்பது பதினாறடிமான எண். நம் கணக்கில் 123. எக்ஸ்பி வைத்திருக்கும் நிறுத்தக் குறியீடுகளில் அதற்கு அர்த்தம் ஒன்றே: ‘நான் எந்த வட்டிலிருந்து கிளம்பினேனோ, அந்த வட்டை இப்போது காணவில்லை.’ ஒரு நிமிடம் முன்புவரை அந்த வட்டில்தான் ஏறி வந்தது. இப்போது காணவில்லை என்கிறது. இது எப்படிச் சாத்தியம் என்று யோசிக்கத் தொடங்கினால், மேசைக்கடியில் தூசி படிந்து கிடக்கும் அந்தப் பெட்டி நாற்பது வருடக் கதை சொல்லும்.

*

அதற்கு முன்னால் ஒரு நியாயமான கேள்வி. 2001 அக்டோபர் 25-ல் வெளியாகி, 2014 ஏப்ரல் 8-ல் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திக்கொண்ட எக்ஸ்பி, காலண்டர் அடிக்கும் அறையில் இன்னும் ஏன் உட்கார்ந்திருக்கிறது? பழசைக் கட்டிக்கொண்டு அழுகிறார்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எளிது. எனக்கு அப்படிச் சொல்ல மனம் வரவில்லை.

1920களில் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குப் போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், பட்டாசுக்குப் பெட்டியும் லேபிளும் வேண்டும். அந்தத் தேவையில் பிறந்ததுதான் இங்குள்ள அச்சுத் தொழில். லேபிள் என்பது ஒருமுறை அடித்துவிட்டு மறந்துபோகும் சமாச்சாரம் இல்லை. பத்து வருடம் முன்பு வரைந்த கிளியும் ரோஜாவும் அடுத்த வருடமும் வேண்டும். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வந்து, பசுமைப் பட்டாசு வந்து, பெட்டியில் முத்திரையும் கியூஆர் குறியும் ஏறியபோது, புதிதாக யாரும் கிளி வரையவில்லை. பழைய கோப்பைத் திறந்து ஓரத்தில் இடம் ஒதுக்கினார்கள். பழைய கோப்பைத் திறக்கப் பழைய மென்பொருள் வேண்டும். அது ஓடப் பழைய விண்டோஸ் வேண்டும்.

தினசரி காலண்டரின் பிடி இன்னும் இறுக்கமானது. ராகு காலம், எமகண்டம், சூலம், கரிநாள், சந்திராஷ்டமம் என்று 365 தாள்களுக்கும் கட்டம் கட்டிய பேஜ்மேக்கர் கோப்பு அது. பேஜ்மேக்கரின் கடைசிப் பதிப்பான 7.0 வந்தது 2001-ல். அதற்கு யூனிகோடு தெரியாது. ஆகவே அந்தக் கோப்புக்குள் இருக்கும் தமிழ், உண்மையில் தமிழே இல்லை.

நம் எழுத்துகள் 247. ஒரு பைட்டில் அடங்கும் எண்கள் 256. பார்த்தால் இடம் போதும்போலத் தோன்றும். ஆனால் முதல் 32 இடம் கணினியின் சொந்த உபயோகத்துக்கு. எண்களும் நிறுத்தக் குறிகளும் ஜ, ஷ, ஸ வரிசையும் உட்கார வேண்டும். அதனால் எழுத்துரு செய்தவர்கள் அச்சுக்கோப்பவரின் பழைய யுக்தியைக் கையாண்டார்கள். கொம்பு தனி, கால் தனி, கு, கூ போன்றவை மட்டும் ஒட்டி வார்த்த முழு எழுத்து. இவற்றை ஆங்கில எழுத்துகளின் இருக்கைகளிலேயே உட்கார வைத்தார்கள். பாமினி எழுத்துருவில் ‘தமிழ்’ என்று வர ஜே, கே, பி, ஓ, அதன்பின் அரைப்புள்ளி தட்ட வேண்டும். கோப்பில் பதிவாவதும் அதுதான். எழுத்துருவை எடுத்துவிட்டால் திரையில் மிஞ்சுவது அர்த்தமில்லாத ஐந்து ஆங்கிலக் குறிகள்.

யார் எழுத்து எந்த இருக்கையில் என்பதில் ஊருக்கு ஒரு முறை, கம்பெனிக்கு ஒரு முறை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்நெட் மாநாட்டுக்குப் பிறகு தமிழக அரசு டாம், டாப் என்று இரண்டு முறைகளைத் தரப்படுத்தியது. 2010-ல் யூனிகோடை ஏற்றது. அதற்குள் சிவகாசியின் ஹார்ட்டிஸ்குகள் நிரம்பிவிட்டன. மாற்றி எழுதும் கருவிகள் உண்டு. மாற்றியதும் வரி உடையும், கட்டம் நகரும். பழைய முறையில் ‘கொ’ என்பது கண்ணுக்குத் தெரிகிற வரிசையில் கொம்பு, க, கால் என்று மூன்று துண்டு. யூனிகோடில் முதலில் க, பிறகுதான் ஒகரக் குறி. வெறுமனே எண்ணுக்கு எண் மாற்றினால் போதாது, இடமும் மாற வேண்டும். 365 தாளையும் திரும்பப் பிழை பார்ப்பது யார்? அமாவாசையை ஒருநாள் தள்ளி அடித்துவிட்டால் அந்த வருடம் முழுக்கத் திட்டு வாங்க வேண்டும்.

இதற்கு மேல் ஒரு பூட்டு. பழைய தமிழ் எழுத்துரு மென்பொருள்கள் சிலவற்றுக்கு டாங்கிள் உண்டு. பிரின்டர் சொருகும் 25 ஊசித் துளையில் மாட்டும் கட்டைவிரல் அளவுத் துண்டு. மென்பொருள் அந்தத் துளை வழியே ஒரு கேள்வி அனுப்பும், சரியான பதில் திரும்பி வந்தால்தான் எழுத்து வரும். அந்தக் கேள்வி பதிலுக்கான டிரைவர் 32 பிட் விண்டோஸுக்கு எழுதப்பட்டது. 64 பிட் விண்டோஸ் அதை வாசற்படியிலேயே நிறுத்திவிடும். ஆக அண்ணாச்சி எக்ஸ்பியைப் பிடித்துக்கொண்டிருக்கவில்லை. எக்ஸ்பிதான் அண்ணாச்சியைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. இணைய வயரை மட்டும் அதில் சொருகவே கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவைத்திருந்தார். அது புத்திசாலித்தனம்.

*

மின்சாரம் வந்ததும் செயலிக்கு உலகம் தெரியாது. ஹார்ட்டிஸ்க் என்று ஒன்று இருப்பதே தெரியாது. முகவரி வரிசையில் 4 ஜிபி எல்லைக்கு 16 பைட்டு கீழே போய்ப் படி என்பது மட்டும் அதன் பிறவிக் குணம். அந்த முகவரியில்தான் மதர்போர்டின் சிறு சில்லு ஒன்றில் பயாஸ் என்கிற நிரல் காத்திருக்கிறது. அது நினைவகத்தைத் தடவிப் பார்க்கும், கீபோர்டைத் தேடும், கடைசியில் வட்டின் முதல் 512 பைட்டை எடுத்து நினைவகத்தில் வைத்து ‘இனி உன் பாடு’ என்று ஒதுங்கிக்கொள்ளும்.

அந்த 512-ல் நிரலுக்கு 446, வட்டின் பாகப்பிரிவினைப் பட்டியலுக்கு 64, ‘இது சரியான துண்டுதான்’ என்று சொல்லும் முத்திரைக்கு 2. தமிழை யூடிஎஃப்-8 முறையில் எழுதினால் ஒரு குறிக்கு 3 பைட்டு. 446 பைட்டில் 150 குறிகூட அடங்காது. ஒரு கல்யாணப் பத்திரிகையின் முதல் பத்தியைவிடச் சின்னது. அதற்குள் ஓர் இயங்குதளத்தை எழுப்புகிற வேலை இருக்கிறது.

பட்டாசு ஊரில் இதைப் புரியவைப்பது சுலபம். திரி வெடிக்காது. நெருப்பை அடுத்த இடத்துக்குக் கடத்துவதுதான் அதன் வேலை. முதல் 446 பைட்டு அடுத்த பெரிய துண்டைக் கொண்டுவரும், அது என்டிஎல்டிஆர் என்னும் ஏற்றியைக் கொண்டுவரும், அது விண்டோஸின் கருவைக் கொண்டுவரும். நடுவில் ஒரு கண்ணி நமத்திருந்தால் அதோடு நின்றது. ‘என்டிஎல்டிஆர் காணவில்லை’ என்ற வாசகத்தைப் பார்த்து வயிறு கலங்காத பழைய டிடிபிக்காரர் இருக்க மாட்டார்.

அந்த 512 பைட்டை பயாஸ் நினைவகத்தில் எங்கே வைக்கிறது தெரியுமா? 31,744 என்ற முகவரியில். ஏன் இந்த விநோத எண்? 1981-ல் ஐபிஎம் தன் முதல் பிசியை வெளியிட்டபோது, டாஸ் ஓடக் குறைந்தது 32 கேபி நினைவகம் இருக்கும் என்று எண்ணினார்கள். 32 கேபி என்றால் 32,768. அதன் கடைசியில் 1,024 பைட்டு ஒதுக்கினால் 31,744. அவ்வளவுதான். நினைவகம் 32 கேபியிலிருந்து 8 ஜிபிக்கு, ஏறத்தாழ இரண்டரை லட்சம் மடங்கு பெருகிய பிறகும், பயாஸ் வழியாகக் கிளம்புகிற கணினி அதே மூலையில்தான் முதல் காலை வைக்கிறது.

இப்போது 7பி. இதுவரை வட்டைப் படித்ததெல்லாம் பயாஸின் தயவில். ‘இந்தத் துண்டை எடுத்துக்கொடு’ என்று கேட்டால் அது எடுத்துக்கொடுக்கும். ஆனால் பயாஸ் பேசுவது 16 பிட் காலத்துப் பாஷை. விண்டோஸின் கரு 32 பிட்டில் விழித்ததும் அதோடு பேச்சை நிறுத்திவிடும். இனி வட்டைத் தொட வேண்டுமானால் தன் சொந்த டிரைவர் மூலம்தான். அந்த டிரைவர் கையில் இல்லை என்றால்? ஏறி வந்த ஏணியை எட்டி உதைத்த பிறகு திரும்பிப் பார்க்கிற கதைதான். வட்டு அங்கேயேதான் சுழன்றுகொண்டிருக்கிறது. கருவுக்கு அது தெரிவதில்லை. நீலத் திரை.

எக்ஸ்பிக்குத் தெரிந்த பாஷை ஐடிஇ. அது விருதுநகர்ப் பரோட்டாக் கடையில் ஒரே ஒரு மேசைக்கு ஆர்டர் எடுத்து, கொடுத்து முடித்துவிட்டு, அடுத்த மேசைக்குப் போகிற சப்ளையர் மாதிரி. 2003-ல் சாட்டா வயர் வந்தது. 2004-ல் இன்டெல் ஏஎச்சிஐ என்ற புதிய ஏற்பாட்டை வெளியிட்டது. அதில் 32 ஆர்டரை மொத்தமாக மாஸ்டரிடம் கொடுத்துவிடலாம். எண்ணெய்ப் பரோட்டா கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே ஈட்டில் போட்டு எடுப்பதுபோல, வட்டின் தலை எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத்து வேலைகளைச் சேர்த்து முடிக்கும். வேகம் கூடும். 2001-ல் பிறந்த எக்ஸ்பிக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.

தெரியாததைச் சொல்லிக்கொடுக்க எக்ஸ்பி ஒரு வழி வைத்திருக்கிறது. சிடியிலிருந்து ஏற்றும்போது தொடக்கத்தில் சில நொடி திரையின் அடியில் ஒரு வரி வரும்: வேறு டிரைவர் இருந்தால் எஃப்6 அழுத்து. அழுத்தினால் கேட்பது பிளாப்பி. பென்டிரைவைக் காட்டினால் அந்தக் கட்டத்தில் கண்டுகொள்ளாது. 1.44 எம்பி பிளாப்பி இன்று எந்தக் கடையில் கிடைக்கும், கிடைத்தாலும் எந்தத் துளையில் சொருகுவது? விஷயம் தெரிந்தவர்கள் டிரைவரைச் சிடிக்குள்ளேயே கலந்து புதுச் சிடி எரிப்பார்கள். இன்னும் விஷயம் தெரிந்தவர்கள் பயாஸுக்குள் போய் ஏஎச்சிஐ என்றிருப்பதை ஐடிஇ என்று மாற்றிவிடுவார்கள். அப்போது மதர்போர்டே பழைய சப்ளையர் வேடம் கட்டிக்கொள்ளும்.

அண்ணாச்சியின் கணினியிலும் முன்பு யாரோ அப்படித்தான் மாற்றி எக்ஸ்பியை ஏற்றியிருக்க வேண்டும். பிறகு அது எப்படித் திரும்பியது?

*

அதைச் சொல்வதற்கு முன் சற்று விலகிப்போக ஆசை. பழைய இயங்குதளம் புதிய கணினியில் ஏற மறுக்கும் இடங்களைப் பார்த்துக்கொண்டே போனால், பெரும்பாலும் எதுவும் கெட்டுப்போயிருக்காது. எழுதியவர் அன்றைக்கு உலகம் எவ்வளவு பெரிதாகும் என்று போட்ட கணக்கு ஒன்று அங்கே உறைந்து நிற்கும்.

எனக்கு மிகப் பிடித்தது விண்டோஸ் 98. ஒரு ஜிபி நினைவகம் உள்ள கணினியில் அதை ஏற்றினால் ‘நினைவகம் போதவில்லை’ என்று சொல்லக்கூடும். 16 எம்பி இருந்தால் போதும் என்று பெட்டியில் அச்சிட்டு விற்ற விண்டோஸ் அது! வட்டிலிருந்து படித்ததைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ள ஒரு கிடங்கு உண்டு. நினைவகம் எவ்வளவோ அதற்குத் தக்கபடி கிடங்குக்கு முகவரிகளை முன்கூட்டியே ஒதுக்கும். 512 எம்பிக்கு மேல் போனால் கிடங்கே முகவரிகளையெல்லாம் விழுங்கிவிட்டு மற்ற வேலைக்கு ஒன்றும் மிச்சம் வைக்காது. தெரு முழுக்கக் கதவு எண் எழுதி முடித்த பிறகு வீடு கட்ட இடமில்லாத நிலை. மருந்து, சிஸ்டம் டாட் ஐஎன்ஐ கோப்பில் ஒரு வரி: கிடங்கு 512 எம்பிக்கு மேல் போகக் கூடாது. செல்வம் அதிகமாகி ஏழையான கதையை அறநூல்களில் தேட வேண்டியதில்லை.

விண்டோஸ் 95-க்கு வந்த நோய் வேறு. 1998-ல் ஏஎம்டி கே6-2 செயலி வந்தது. 350 மெகாஹெர்ட்ஸும் அதற்கு மேலும் போன கணினிகளில் விண்டோஸ் 95 எழும்போதே விழுந்தது. காரணம், அது செயலியின் வேகத்தை அளந்த விதம். ஒரு வெற்றுச் சுற்றைக் குறிப்பிட்ட தடவை ஓடவிட்டு, ஆன நேரத்தால் வகுக்கும். புதிய செயலி அந்தச் சுற்றைக் கண்மூடித் திறப்பதற்குள் முடித்துவிட, கடிகாரம் இன்னும் ஒரு துடிப்புக்கூட நகரவில்லை. ஆன நேரம் பூஜ்யம். பூஜ்யத்தால் வகுக்கச் சொன்னால் எந்தச் செயலியும் கையைத் தூக்கிவிடும். ஓட்டப்பந்தயத்தில் துப்பாக்கிச் சத்தம் அடங்குவதற்குள் ஒருவன் கோட்டைத் தொட்டுவிட்டான். நடுவர் மயங்கி விழுந்தார்.

வட்டுகளின் கதை தனி. ஐடிஇயில் ஒரு துண்டின் முகவரிக்கு 28 பிட். அப்படியானால் 26,84,35,456 துண்டுகள், துண்டுக்கு 512 பைட்டு, மொத்தம் 137 ஜிபி. முதலில் வந்த எக்ஸ்பிக்கு அதற்கு மேல் கண் தெரியாது. 2002-ல் வந்த முதல் சர்வீஸ் பேக்தான் 48 பிட்டைப் பழக்கியது. பழைய சிடியை வைத்துக்கொண்டு 500 ஜிபி வட்டில் ஏற்றுகிறவருக்கு வட்டு சுருங்கிப்போய்த் தெரிவது இதனால்தான். அதோடு விட்டால் பரவாயில்லை. எல்லையைத் தாண்டிய முகவரி, மீட்டர் சுற்றிச் சைபருக்கு வருவதுபோல, சில சமயம் வட்டின் தலைப்பக்கமே திரும்பி அங்கே இருப்பதை அழித்துவிடும்.

அச்சுக்காரர்கள் சட்டென்று பிடித்துக்கொள்ளும் ஒன்று இருக்கிறது. எக்ஸ்பி தன் முதல் பாகத்தை வட்டின் 63-ஆம் துண்டில் தொடங்கும். ஒரு தடத்துக்கு 63 துண்டு என்று கணக்கு வைத்திருந்த காலத்தின் மிச்சம் அது. முதல் தடத்தை ஒதுக்கிவிட்டு அடுத்ததில் ஆரம்பிப்பது மரபு. 2011 வாக்கில் வட்டுத் தயாரிப்பாளர்கள் உள்ளுக்குள் 512 பைட்டுத் துண்டுகளைக் கைவிட்டு 4,096 பைட்டுத் துண்டுக்கு மாறினார்கள். எட்டு பழைய துண்டு சேர்ந்தால் ஒரு புதிய துண்டு. 63 எட்டால் வகுபடாது. எனவே எக்ஸ்பி எழுதும் ஒவ்வொரு 4,096 பைட்டும் இரண்டு துண்டுகளின் மேல் கால் பரப்பி விழும். வட்டு இரண்டையும் படித்து, திருத்தி, திரும்ப எழுத வேண்டும். வேகம் நொண்டும். பெரிய தாளில் எட்டு லேபிள் அடித்துவிட்டு, கட்டிங் மிஷினில் முதல் வெட்டு ஒரு நூல் விலகினால் என்ன ஆகும்? எட்டும் தலை வெட்டுப்படும். விஸ்டா காலத்தில்தான் தொடக்கத்தை 2,048-க்கு நகர்த்தினார்கள். அது எட்டால் வகுபடும்.

*

அச்சகத்துக்குத் திரும்புவோம். இளைஞர் மறுபடி மறுபடி அணைத்துப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் நின்ற டிடிபி அக்கா மெதுவாகச் சொன்னார்: “ஆரம்பத்துல கறுப்பா ஒண்ணு வந்து எஃப்1 அமுக்கச் சொல்லுதுல்ல தம்பி, அது முன்னெல்லாம் கேக்காது. இன்னைக்குத்தான் கேக்குது.”

இளைஞர் அதைப் படிக்காமலே எஃப்1 அழுத்திக்கொண்டிருந்தார். நானும் படித்திருக்க மாட்டேன். அந்தக் கறுப்புத் திரையில் இருந்த விஷயம் இவ்வளவுதான்: ‘எனக்கு நினைவு தப்பிவிட்டது, தொழிற்சாலையில் சொல்லிக்கொடுத்ததை வைத்துச் சமாளிக்கிறேன், தொடர எஃப்1.’ பயாஸுக்குள் போய்ப் பார்த்தோம். தேதி 2011 ஜனவரி 1.

மதர்போர்டில் ஐந்து ரூபாய் நாணயத்தைவிடச் சற்றே சிறிய ஒரு வட்ட பேட்டரி இருக்கும். சிஆர்2032; 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன், 3 வோல்ட். பெயரிலேயே அளவு இருக்கிறது. அது உயிரூட்டுவது ஒரு கடிகாரத்தையும் அதை ஒட்டிய துளி நினைவகத்தையும். 1984-ல் ஐபிஎம் தன் ஏடி கணினியில் மோட்டரோலாவின் கடிகாரச் சில்லு ஒன்றை வைத்தது. மொத்தம் 64 பைட்டு; 14 கடிகாரத்துக்குப் போக மீதி 50 பைட்டு சும்மா இருந்தது. எப்படியும் பேட்டரி இருக்கிறது, கணினியின் அமைப்புகளையும் அதிலேயே எழுதிவைப்போம் என்று முடிவு செய்தார்கள். அன்றிலிருந்து தேதியும் அமைப்பும் ஒரே வீட்டில் குடியிருக்கின்றன. ஒன்று போனால் மற்றதும் போகும்.

கடிகாரத்தின் இதயம் அரிசியைவிடச் சற்றே பெரிய உருளைக்குள் ஒளிந்திருக்கும் குவார்ட்ஸ் கவை. நொடிக்கு 32,768 தடவை அதிரும்படி அறுத்துச் சீவியது. இரண்டை 15 தடவை பெருக்கினால் இந்த எண் வரும். திருப்பிப் போட்டு, அதிர்வை 15 தடவை பாதியாக்கிக்கொண்டே போனால் நொடிக்குச் சரியாக ஒரு துடிப்பு. கைக்கடிகாரத்திலும் இதே கவைதான். இது 25 டிகிரிக்குப் பழக்கப்பட்டது. அதிலிருந்து எந்தப் பக்கம் விலகினாலும் பின்தங்கும். 40 டிகிரியில் நாளுக்கு அரை நொடிக்குச் சற்று மேல். சிவகாசிச் சித்திரையில் கணினிகள் எல்லாம் கொஞ்சம் சோம்பேறிகள்.

பேட்டரி எப்போது செத்தது என்று சொல்ல முடியாது. பிளக் சொருகி மெயின் போட்டிருக்கும்வரை, கணினியை அணைத்திருந்தாலும் எஸ்எம்பிஎஸ் பெட்டியிலிருந்து ஒரு சிறு மின்னோட்டம் கசிந்துகொண்டே இருக்கும். கடிகாரம் அதைக் குடித்து உயிர் வாழும். இரவுகளில் கரண்ட் போனாலும் யூபிஎஸ் தாங்கியது. ஆகையால் செத்த பேட்டரி மாதக்கணக்கில் யாருக்கும் தெரியாமல் அங்கே இருந்திருக்கலாம். தீபாவளிக்கு அண்ணாச்சி மெயினை அமர்த்தினார். யூபிஎஸ்ஸும் தீர்ந்தது. அந்த இரவில் ஏதோ ஒரு கணத்தில் கணினி தன் தேதியை மறந்தது, கூடவே ஐடிஇ என்று யாரோ எப்போதோ மாற்றிவைத்ததையும் மறந்தது. அந்தப் போர்டின் தொழிற்சாலை அமைப்பு ஏஎச்சிஐ.

எக்ஸ்பிக்கு ஒரு கீறலும் இல்லை. பேஜ்மேக்கரும் எழுத்துருவும் 365 தாளும் அப்படியே இருந்தன. சொல்லப்போனால் அவற்றைக் காப்பாற்றியதே அந்த நீலத் திரைதான். சிடி மட்டும் ஒழுங்காக ஏறியிருந்தால், ஃபார்மட் போட்டு எல்லாவற்றையும் துடைத்திருப்பார்கள்.

பழைய விண்டோஸ் புதிதாக ஏற மறுத்தால் நாம் குறை சொல்வது சிடியை அல்லது ஹார்ட்டிஸ்கை. ஆனால் இருந்ததும் ஏறவில்லை, புதிதாக வந்ததும் ஏறவில்லை, இரண்டும் ஒரே எண்ணைச் சொல்கின்றன என்றால் இரண்டுக்கும் பொதுவான இடத்தில்தான் தேட வேண்டும். ஒரே தண்ணீர் குடித்த இரண்டு வீட்டிலும் வயிற்றுப்போக்கு என்றால் கிணற்றைப் பார்ப்பார்கள் இல்லையா?

இந்தப் பெட்டிக்கு இன்னும் எத்தனை நாள் என்று அண்ணாச்சி கேட்டார். மதர்போர்டு போனால் அதோடு போச்சு என்று இளைஞர் சொன்னார். புதிய போர்டுகளில் பல, பயாஸ் வேடத்தையே கைவிட்டு யூஇஎஃப்ஐ மட்டும் பேசுகின்றன. 32 பிட் எக்ஸ்பிக்கு அது புரியாது. ஆனால் முற்றிலும் அடைபட்டுவிடவில்லை. கணினிக்குள் ஒரு பொய்க் கணினியை ஓடவிடும் மென்பொருள்கள் இருக்கின்றன. வர்ச்சுவல்பாக்ஸில் எக்ஸ்பியை ஏற்றினால், அது பார்ப்பது இன்டெல்லின் பிக்ஸ்3 என்ற சில்லு. அது 1996-ல் வந்தது. எப்போதோ உற்பத்தி நின்றுபோனது. கியூஇமுவின் வழக்கமான பொய்க் கணினியும் அதே 1996-ன் சில்லுகளைத்தான் நடிக்கிறது. சிலிக்கனில் செத்துப்போன சில்லு, யாரோ எழுதிய நிரலில் ஆவியாக உயிர் வாழ்கிறது. 2001-ன் எக்ஸ்பி அந்த ஆவியைப் பார்த்துச் சந்தோஷமாக எழுந்திருக்கிறது. வட்டு எங்கே என்று ஒருபோதும் கேட்பதில்லை. அந்த 25 ஊசி டாங்கிளை ஆவி உலகத்தில் எங்கே சொருகுவது என்பதுதான் பாக்கி. பிரின்டர் துளை உள்ள அட்டை ஒன்றை வாங்கிப் போட்டு, அதை உள்ளே கடத்தப் பார்க்கலாம் என்றார் இளைஞர். அவர் முகத்தில் நம்பிக்கை அதிகமில்லை.

பேட்டரிக்கு ஒரு பையனை அனுப்பினார்கள். அதற்குள் அமைப்பை ஐடிஇக்கு மாற்றியாகிவிட்டது. சேமித்துவிட்டு வெளியே வந்தால் எக்ஸ்பியின் பச்சைப் புல்வெளி. அக்கா பேஜ்மேக்கரைத் திறந்து மார்ச் மாதத் தாள் ஒன்றைப் பார்த்துவிட்டு மூச்சுவிட்டார்.

பையன் வந்ததும் பேட்டரியை மாட்டினார்கள். பயாஸில் தேதி போட வேண்டும். இளைஞர் அண்ணாந்து சுவரைப் பார்த்தார். அந்த அறையின் நான்கு சுவர்களிலும் காலண்டர்தான். ஒன்றைப் பார்த்து எண்ணைத் தட்டத் தொடங்கினார்.

“அதைப் பாக்காதீக தம்பி” என்றார் அக்கா. “அது தீவாளிக்கு முதநா. நாலு நாளா யாரும் கிழிக்கல.”